உடம்பு தணிஞ்சா தூக்கம் தானா வரும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "ராத்திரி நல்லா தூங்குவது எப்படி?" தலைப்பைச் சொன்னதும் பின்னாடி வரிசையில நாலைஞ்சு பேர் சிரிச்சீங்க. சிரிக்கலாம், தப்பில்ல. சேமிப்பு, கடன், தொழில் பயிற்சின்னு பேசுற மேடையில தூக்கத்தைப் பத்தி என்ன பேச்சுன்னு தோணும். ஆனா மாசக் கூட்டம் முடிஞ்சு கணக்கு நோட்டை மூடினதும் நாம என்ன பேசிக்கிறோம்? "முதுகு பிடிச்சிருக்கு", "கண்ணே மூடல", "மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது, அப்புறம் விடியற வரைக்கும் கூரையைப் பார்த்துக்கிட்டுக் கிடக்குறேன்". நம்ம தெலுங்கு பேசுற அக்காங்க "நித்ர பட்டடம் லேதம்மா"ங்கறாங்க. மொழி வேற, சங்கதி ஒண்ணுதான்.

போன வருஷம் எங்க குழுவுல ஒரு அக்காவுக்கு நடந்ததைச் சொல்றேன். அவங்க விசைத்தறிக்குப் போறவங்க. ரெண்டு மூணு நாளா சரியான தூக்கம் இல்ல. ஓடுற தறியில அறுந்த இழையை எடுக்கப் போய் விரல்ல அடிபட்டு அஞ்சு தையல் போட்டாங்க. பத்து நாள் கூலி போச்சு. அந்த மாசம் அவங்க தவணையை நாங்க மத்தவங்க சேர்ந்து கட்டினோம். பெரிசா எதுவும் ஆகல, விரல் தப்பிச்சது. ஆனா அன்னைக்கு எங்க குழுவுக்கு ஒண்ணு புரிஞ்சது. ஒரு பொம்பளை தூங்காம இருக்கறது அவ வீட்டு விஷயம் மட்டும் இல்ல, குழு விஷயமும்தான். அதனாலதான் இந்தத் தலைப்பை நானே கேட்டு வாங்கினேன்.

முதல்ல ஒரு கேள்வி. பகல் பூரா வேலை செஞ்சு களைச்ச உடம்புக்குப் படுத்ததும் தூக்கம் வரணும் இல்லையா? ஏன் வரமாட்டேங்குது?

நாம படுக்குறோம், ஆனா நம்ம உடம்பு படுக்கறது இல்ல. அது காவல் காக்குது. ஒரு காது தொட்டில் பக்கம் இருக்கு. இன்னொரு காது மாமனார் இருமல் பக்கம் இருக்கு. ரெண்டாவது ஷிப்ட் போன வீட்டுக்காரர் வண்டிச் சத்தம் கேக்கணும். விடியக்காலம் குழாயில தண்ணி வந்தா எழுந்திருக்கணும். அரிசி ஊற வச்சோமா, கேஸை மூடினோமா, இருபதாம் தேதி தவணைக்கு என்ன பண்றது. இத்தனையும் உடம்புல எங்க உக்காந்திருக்குன்னு பாருங்க. இப்போ, இந்த நிமிஷம், உங்க பல்லைக் கவனிங்க. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒண்ணை ஒண்ணு அழுத்திக்கிட்டு இருக்கா? தோள் ரெண்டும் காதுப் பக்கம் ஏறியிருக்கா? வயித்தை உள்ள இழுத்துப் பிடிச்சிருக்கீங்களா? கை விரல் மடங்கியிருக்கா? பார்த்தீங்களா, இப்ப நிறைய பேர் தோளைக் கீழ இறக்கினீங்க. நான் சொல்ற வரைக்கும் அது ஏறி இருந்ததே உங்களுக்குத் தெரியாது. பகல்ல உக்காந்திருக்கும்போதே இப்படின்னா, ராத்திரி பாயில படுக்கும்போதும் அதே தோள்தான், அதே பல்தான்.

எனக்கு இதைக் காட்டிக் கொடுத்தது ஒரு பிசியோதெரபி பொண்ணு. எங்க மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துபோச்சு. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கி வச்ச "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் உங்க எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்குற பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் நம்ம மாதிரி சுய உதவிக் குழுவுல இருந்து போனவங்கதான். அந்தத் திட்டத்துலதான் பிசியோதெரபிக்கும் வீட்டுக்கு வந்தாங்க. அத்தைக்குக் கையைப் பிடிச்சுப் பயிற்சி கொடுத்துக்கிட்டே அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து, "அக்கா, நோயாளி அவங்களா நீங்களா? உங்க தோள்தான் இரும்பு மாதிரி இருக்கு, ராத்திரி தூங்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கி எனக்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க. அதைத்தான் இன்னைக்கு உங்களுக்குக் கொண்டு வந்திருக்கேன்.

இந்தப் பயிற்சி புதுசு இல்ல. அமெரிக்காவுல சிகாகோவைச் சேர்ந்த எட்மண்ட் ஜேக்கப்சன்னு ஒரு மருத்துவர் இதை வகைப்படுத்தி 1929ல புத்தகமாவே எழுதினார். தசையில ஓடுற ரொம்பச் சின்ன மின்சாரத்தைக் கருவி வச்சு அளந்தவர் அவர். அதுல ஒரு ஆச்சரியமான விஷயத்தைக் கண்டார். ஒருத்தர் கையை அசைக்கவே வேணாம், அசைக்கற மாதிரி மனசுல நினைச்சாலே போதும், அந்தக் கைத் தசையில மின்சாரம் லேசா கூடுது. இப்ப நினைச்சுப் பாருங்க. பாயில படுத்துக்கிட்டே நாளைக்கு மாவு ஆட்டணும், துணி துவைக்கணும், பஸ்ஸைப் பிடிக்கணும்னு நினைச்சா, உடம்பு ஓய்வா இருக்குமா? மனசு ஓடினா உடம்பு இறுகும். அதையே அவர் திருப்பிப் போட்டார். மனசை நிறுத்தறது கஷ்டம், தசையை இளக்கறது சுலபம். தசை நல்லா இளகினா மனசும் கூடவே அடங்கும். இதுதான் அவர் சொன்னதோட சாரம்.

நம்ம ஊருக்கும் இது தெரியாதது இல்ல. சவாசனம்னு யோகாசனத்துல ஒண்ணு இருக்கு. பல நூறு வருஷத்துக்கு முந்தின ஹடயோகப் பிரதீபிகையிலயே, அசையாம மல்லாந்து கிடந்தா களைப்பு போகும், மனசு ஓயும்னு சொல்லியிருக்கு. வேதாத்திரி மகரிஷி சொல்லிக் கொடுத்த உடற்பயிற்சியிலயும் கடைசியில வர்றது உடல் தளர்த்தல்தான். அவர் 1911ல கூடுவாஞ்சேரியில நெசவாளர் குடும்பத்துல பிறந்தவர். தறி முன்னாடி உக்காந்தா உடம்பு என்ன ஆகும்னு தெரிஞ்ச வீட்டுல இருந்து வந்தவர். நம்ம பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம், ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கம் தறி ஓட்டுற அக்கா தங்கச்சிங்களுக்கு இதைச் சொன்னா சட்டுனு புரியும்.

அதெல்லாம் போகட்டும், நம்ம ஊர்ப் பேரையே பாருங்க. போர் முடிச்சு வந்த முருகனோட சினம் தணிஞ்ச இடம், அதனாலதான் திருத்தணி, தணிகைமலைன்னு பெரியவங்க சொல்வாங்க. மத்த முருகன் கோயில்ல கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். நம்ம மலையில அது கிடையாது, அன்னைக்குப் புஷ்பாஞ்சலிதான். சண்டை போட்ட சாமியே ஒரு இடத்துல உக்காந்து தணியணும்னு இருக்கும்போது, நாம மட்டும் ராத்திரியும் ஆயுதத்தைக் கீழ வைக்காமப் படுத்தா எப்படி? இது சாமி காரியம்னு யாரும் நினைக்க வேணாம். நம்ம கூட்டமைப்புல எல்லா மதத்துக்காரங்களும் இருக்கோம். தணியறதுங்கறது எல்லா உடம்புக்கும் பொதுவான காரியம்.

மலைக்கு 365 படி ஏறினவங்களுக்கு இந்தப் பயிற்சியோட சூட்சுமம் தெரியும். ஏறும்போது கெண்டைக்கால் கல்லு மாதிரி ஆயிடும். மேல போய் ஒரு திண்ணையில உக்காந்ததும் அந்தக் கால் தன்னால இளகி, சூடா, கனமா, சுகமா இருக்கும் பாருங்க, அந்தச் சுகம்தான் விஷயம். இறுக்கம் எப்படி இருக்கும்னு காட்டிட்டு, உடனே விட்டுட்டா, இளக்கம் எப்படி இருக்கும்னு உடம்பு தெரிஞ்சுக்கும். சும்மா "இளகு, இளகு"ன்னு சொன்னா உடம்புக்குப் புரியாது. முதல்ல இறுக்கணும், அப்புறம் விடணும். டிசம்பர் 31 படித் திருவிழாவுல ஒவ்வொரு படியா நின்னு மஞ்சள் குங்குமம் வச்சு, கற்பூரம் ஏத்தி, பாட்டுப் பாடி மேல போறோம் இல்லையா? அந்த மாதிரி, பாதத்துல தொடங்கி நெத்தி வரைக்கும் ஒவ்வொரு இடமா நின்னு போகணும். அவசரம் கூடாது.

இப்ப செய்முறைக்கு வர்றேன். நோட்டு வச்சிருக்கவங்க எழுதிக்கலாம்.

படுக்கறதுக்கு முன்னாடி கால் ரெண்டையும் வெதுவெதுப்பான தண்ணியில கழுவித் துடைச்சுக்குங்க. பாதம் சூடானா அங்க ரத்தக் குழாய் விரியும், உடம்புக்குள்ள இருக்கற சூடு வெளிய போகும். உள் சூடு இறங்கறப்பதான் தூக்கம் வரும். பாட்டிங்க காலைக் கழுவிட்டுப் படுன்னு சொன்னதுல இந்த விஷயமும் இருக்கு.

பாயோ கட்டிலோ, மல்லாந்து படுங்க. இடுப்பு வலி இருக்கறவங்க பழைய புடவை ஒண்ணைச் சுருட்டி முட்டிக்கு அடியில வச்சுக்குங்க, இடுப்பு தரையில பதியும். ஏழு மாசத்துக்கு மேல ஆன கர்ப்பிணிங்க மல்லாந்து படுக்க வேணாம். ஒருக்களிச்சு, இடது பக்கமா படுத்தே செய்யலாம். கொண்டையை அவிழ்த்துடுங்க. புடவைக் கொசுவம், பாவாடை நாடா, ஜாக்கெட் கொக்கி எல்லாத்தையும் தளர்த்துங்க. பகல் பூரா இடுப்பைக் கட்டின நாடாவை ராத்திரியும் அவிழ்க்காமப் படுக்கறவங்க நம்மள்ல எத்தனை பேர்! கண்ணை மூடுங்க.

மூச்சு மெதுவா இழுத்து, இழுத்ததை விட நீளமா வெளிய விடுங்க. மனசுக்குள்ள நாலு எண்ணி இழுத்தா ஆறு எண்ணி விடுங்க. சூடான பால் டம்ளரை ஊதுற மாதிரி மெதுவா. நீளமா மூச்சு விடும்போது நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் மட்டுப்படும். இப்படி ஆறு தடவை.

அடுத்தது ஒவ்வொரு இடமா. ஒரே கணக்குதான். மனசுக்குள்ள ஏழு எண்ற வரைக்கும் இறுக்கணும். அப்புறம் சட்டுனு விட்டுட்டு, முப்பது எண்ற வரைக்கும் அந்த இடத்தைக் கவனிச்சுக்கிட்டு சும்மா இருக்கணும். இறுக்கறப்ப முழு பலத்தையும் போட வேணாம், முக்கால் பலம் போதும். மூச்சை அடக்கவே கூடாது.

ஒண்ணு, பாதம். கால் விரலை உள்பக்கமா மடக்குங்க, சேத்துல காலை ஊன்றுற மாதிரி. விடுங்க.

ரெண்டு, கெண்டைக்கால். குதிகாலை முன்னாடி தள்ளி, கால் விரலை உங்க முகத்தைப் பார்த்து இழுங்க. விரலை எதிர்ப்பக்கம் நீட்டாதீங்க, சிலருக்குக் கெண்டைக்கால் பிடிச்சுக்கும். விடுங்க.

மூணு, தொடை. முட்டியைத் தரையை நோக்கி அழுத்துங்க. விடுங்க. காலு ரெண்டும் நனைஞ்ச கோணி மூட்டை மாதிரி கனத்துக் கிடக்கணும்.

நாலு, இடுப்பும் பின்பக்கமும். ரெண்டு பின்பக்கத்தையும் சேர்த்து இறுக்குங்க. விடுங்க.

அஞ்சு, வயிறு. யாரோ வயித்துல விளையாட்டுக்குக் குத்த வர்ற மாதிரி கெட்டியாக்குங்க. விட்டதும் வயிறு உப்பினா உப்பட்டும். பகல் பூரா வயித்தை உள்ள இழுத்துக்கிட்டே நடக்கறோம், இப்ப யாரும் பார்க்கல.

ஆறு, கை. ஈரத் துணியைப் பிழியற மாதிரி ரெண்டு கையையும் முறுக்கி மூடுங்க. விடுங்க. உள்ளங்கை மேல பார்க்கட்டும். பூ கட்டுறவங்க, பீடி சுத்துறவங்க, தையல் மிஷின் ஓட்டுறவங்க இதை ரெண்டு தடவை செய்யுங்க.

ஏழு, தோள். நமக்கு இதுதான் முக்கியம். தோளைக் காது வரைக்கும் தூக்குங்க, மழையில நனையறப்ப ஒடுங்கற மாதிரி. விடுங்க. இன்னும் கொஞ்சம் விடுங்க. விட்டாச்சுன்னு நினைச்ச பிறகும் தோள் இன்னும் கொஞ்சம் இறங்கும், நீங்களே பார்ப்பீங்க. இதையும் ரெண்டு தடவை.

எட்டு, கழுத்து. தலையைத் தலகாணியில மெதுவா அழுத்துங்க. விடுங்க. கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவங்க இதை விட்டுட்டு, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் லேசா உருட்டினா போதும்.

ஒம்பது, முகம். பல்லைக் கடிங்க, விடுங்க. வாய் லேசா திறந்தே இருக்கட்டும், நாக்கு சும்மா கிடக்கட்டும். கண்ணை இறுக்கி மூடுங்க, விடுங்க. ஊசியில நூல் கோக்கறப்ப சுருக்கற மாதிரி நெத்தியைச் சுருக்குங்க, விடுங்க.

பத்து, ஒண்ணும் செய்ய வேணாம். பாதத்துல இருந்து நெத்தி வரைக்கும் மனசாலயே ஒரு தடவை நடந்து வாங்க. எங்கயாவது மறுபடி இறுகி இருந்தா, மூச்சை வெளிய விடறப்ப அங்க மட்டும் இளக்குங்க. அவ்வளவுதான்.

மொத்தம் பத்துல இருந்து பதினைஞ்சு நிமிஷம் ஆகும். நடுவுலயே தூங்கிட்டா நல்லது, முடிக்கணும்னு கட்டாயம் இல்ல. முதல் நாளே தூக்கம் வந்துடும்னு நான் சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. உடம்பும் ஒரு பாடத்தைக் கத்துக்குது, தினம் ஒரே நேரத்துல சொல்லிக் கொடுத்தா சீக்கிரம் கத்துக்கும். கொஞ்ச நாள் போனா, தோளை இறக்கிட்டு ஒரு நீள மூச்சு விட்டாலே மிச்ச உடம்பு தானா இளகும்.

சமீபத்துல ஆபரேஷன் ஆனவங்க, குடல் இறக்கம் உள்ளவங்க, நெஞ்சு வலி உள்ளவங்க வயித்தையும் இடுப்பையும் இறுக்க வேணாம், டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யுங்க. பிரஷர் உள்ளவங்க லேசா இறுக்கினா போதும். ஒரு இடம் வலிச்சா அந்த இடத்தை விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க.

எங்க குழுவுல இதைச் சொன்னப்ப கேள்வி நிறைய வந்தது. சிலதைச் சொல்றேன்.

"படுத்ததும் மனசு கணக்குப் போட ஆரம்பிக்குதே, என்ன பண்றது?" அந்தக் கணக்கைப் படுக்கைக்குக் கொண்டு போகாம, ஏழு எட்டு மணிக்கே நோட்டுல எழுதிடுங்க. நாம குழுக் கணக்கை வாயால வச்சுக்கறோமா? எழுதித்தானே வைக்கிறோம்? அதே மாதிரி இதுவும். நாளைக்கு என்ன வேலை, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும், எதுக்கு முதல்ல யாரைப் பார்க்கணும், அவ்வளவு எழுதினா போதும். எழுதிட்டா மறந்துடுவோமோங்கற பயம் மனசுக்கு இருக்காது. எழுதத் தெரியாத அம்மாங்க பிள்ளைங்களை எழுதச் சொல்லுங்க.

"தூக்கம் வரணும்னு முயற்சி பண்ணப் பண்ண இன்னும் முழிப்பாகுதே?" ஆமா. தூக்கத்தை நாம செய்ய முடியாது. தமிழ்ல தூக்கம் "வருது"ன்னுதானே சொல்றோம்? அது வர்றது, நாம போய் இழுத்துக்கிட்டு வர்றது இல்ல. பயிற்சியைத் தூங்கறதுக்காகச் செய்யாதீங்க, இளகறதுக்காகச் செய்யுங்க. இருபது நிமிஷம் போல ஆகியும் தூக்கம் வரலேன்னா எழுந்து, மங்கின வெளிச்சத்துல சும்மா உக்காருங்க, கண்ணு சொக்கினதும் போய்ப் படுங்க. மணி பார்க்காதீங்க. மணி பார்த்தா "இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு"ன்னு தோள் மறுபடி ஏறும். போன் பார்க்கவே கூடாது.

"டீ குடிச்சா என்ன?" காலையில தாராளமா குடிங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல குடிக்கிற டீயும் காபியும் பல மணி நேரம் உடம்புல இருக்கும். குடிச்ச வேகத்துல பாதி இறங்கவே அஞ்சாறு மணி நேரம் ஆகும்.

"பகல்ல தூங்கலாமா?" அரை மணி நேரம், அதுவும் மூணு மணிக்கு முன்னாடி. ராத்திரி எப்படித் தூங்கினாலும் காலையில எழுந்திருக்கற நேரத்தை மாத்தாதீங்க. பெரியவங்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேணும். பொம்பளைக்கு அஞ்சு போதும்னு எந்த டாக்டரும் சொல்லல.

"பத்து நிமிஷம் கண்ணை மூடிக் கிடந்தா வீட்டுல சோம்பேறின்னு சொல்றாங்களே?" இந்தக் கேள்வியை ஒரு சின்ன பொண்ணு கேட்டுச்சு, எல்லாரும் அமைதியா ஆயிட்டோம். இதுக்குப் பயிற்சி பதில் இல்ல. வீட்டுக்காவல் மொத்தமும் ஒரே ஆள் தலையில இருந்தா அந்த உடம்பு எப்படி இளகும்? காவலைப் பங்கு போடணும். எங்க வீட்டுல இப்ப விடியக்காலம் தண்ணி பிடிக்கறது என் வீட்டுக்காரர் வேலை. ராத்திரி கேஸ், கதவு பார்க்கறது பெரிய பையன் வேலை. சொல்லிட்டுப் படுத்தா, "நான் பார்க்க வேணாம், பார்க்க ஆள் இருக்கு"ன்னு உடம்புக்குத் தெரியும். அத்தையையும் இந்தப் பயிற்சிக்குச் சேர்த்துக்கிட்டேன். நல்லா இருக்கற கையை இறுக்கி விடறாங்க, அந்தப் பக்கத் தோளை இறக்கறாங்க. இப்ப "நேரமாச்சு, வா"ன்னு அவங்கதான் கூப்பிடறாங்க.

அடுத்து முக்கியமான ஒண்ணு. இந்தப் பயிற்சி எல்லாத்துக்கும் மருந்து இல்ல.

படுத்ததும் கால் குடையுது, ஆட்டிக்கிட்டே இருந்தாத்தான் நிக்குதுன்னு சொல்றவங்க ரத்தத்தைப் பரிசோதிச்சுக்குங்க. இரும்புச்சத்து குறைஞ்சா அப்படி வரும், ரத்தசோகை நம்மள்ல நிறைய பேருக்கு இருக்கு. சத்தமா குறட்டை விட்டு நடுவுல மூச்சு நின்னு திணறி எழுந்தா டாக்டரைப் பாருங்க. மாதவிடாய் நிக்கற வயசுல ராத்திரி உடம்பு திகுதிகுன்னு எரிஞ்சு வேர்த்தா, அதுவும் டாக்டர்கிட்ட சொல்லவேண்டிய விஷயம், வெக்கப்பட வேணாம். தைராய்டு, சுகர் இருந்தாலும் தூக்கம் கெடும். நெஞ்சு படபடப்பும் வலியும் வந்தா பயிற்சி செஞ்சுக்கிட்டு இருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

ரெண்டு வாரத்துக்கு மேல விடியக்காலம் முழிப்பு, எதுலயும் பிடிப்பு இல்ல, அழுகை அழுகையா வருது, வாழ்ந்து என்னன்னு தோணுதுன்னா, அது தூக்கத்தோட பிரச்சினை மட்டும் இல்ல. 14416க்குப் போன் பண்ணுங்க. மனநலத்துக்காக 2022ல தொடங்கின டெலி மானஸ் எண் அது, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். 104க்கும் பேசலாம். மெடிக்கல் ஷாப்புல "தூக்கம் வர ஒண்ணு கொடுங்க"ன்னு கேட்டு வாங்கற பழக்கத்தை நிறுத்துங்க. சில மாத்திரை பழகிட்டா அது இல்லாம தூக்கமே வராத நிலை ஆகும். ஏற்கெனவே பல நாளா சாப்பிடறவங்க திடீர்னு நிறுத்தாதீங்க, அதுவும் ஆபத்து. டாக்டர் சொல்ற மாதிரி படிப்படியா குறைக்கணும்.

இன்னொண்ணு. தன் வீட்டுக்குள்ளயே பயந்து படுக்கற அக்கா தங்கச்சிங்க நம்மள்ல இருக்காங்க. கதவு தட்டற சத்தத்துலயே இன்னைக்கு அடி விழுமா விழாதான்னு கண்டுபிடிக்கறவங்க. அவங்ககிட்ட போய் "தோளை இளக்கு, தூக்கம் வரும்"னு நான் சொல்லமாட்டேன். அங்க உடம்பு சொல்றது பொய் இல்ல. ஆபத்து நிஜமாவே இருக்கு, அதனாலதான் உடம்பு முழிச்சிருக்கு. அந்த உடம்பைக் குறை சொல்லக் கூடாது. அவங்களுக்குத் தேவை 181, பெண்கள் உதவி எண். அதுக்கு முன்னாடி, தேவை நாம. பக்கத்து வீட்டுல அப்படி ஒருத்தி இருந்தா, "எந்த நேரமா இருந்தாலும் என் வீட்டுக் கதவைத் தட்டு"ன்னு சொல்லி வைங்க. அந்த ஒரு வார்த்தை இருந்தா அவ கொஞ்சமாவது கண்ணை மூடுவா.

கடன் கவலையும் அப்படித்தான். வெளியில வாரத் தவணைக்கு வாங்கிட்டு, கட்ட முடியாம, கதவைச் சாத்திக்கிட்டு இருக்கறவங்க அதை மறைக்காம குழுவுல சொல்லுங்க. தனியா சுமந்தா அது ராத்திரி நெஞ்சு மேல வந்து உக்காரும். பத்து பேர் கூடிப் பேசினா, எதை முதல்ல அடைக்கலாம், எங்க வட்டி குறைவுன்னு ஒரு வழி தெரியும். 1989ல தருமபுரியில தொடங்கின காலத்துல இருந்தே சுய உதவிக் குழுவோட வேலை இதுதானே, தனியா முடியாததைச் சேர்ந்து செய்யறது.

நிறைவா, கூட்டமைப்புக்கு என் குழு சார்பா ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாசக் கூட்டத்துல சேமிப்பு வசூல், கடன் வசூல் முடிஞ்சதும் கடைசிப் பத்து நிமிஷத்தை இந்தப் பயிற்சிக்கு ஒதுக்குங்க. படுக்க இடம் இல்லேன்னா சுவத்துல சாஞ்சு உக்காந்தே செய்யலாம். ஒருத்தர் சத்தமா எண்ணிக்கிட்டு வரட்டும், மத்தவங்க கண்ணை மூடிச் செய்யட்டும். அடுத்த மாசம், "போன மாசம் எப்படித் தூங்கினே?"ன்னு ஒவ்வொருத்தரையும் கேக்கணும். சேமிப்பு கட்டலேன்னா கேக்கறோம், தூங்கலேன்னா கேக்க வேணாமா? எங்க குழுவுல இதைத் தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்தே போட்டுட்டோம். தறியில அடிபட்ட அக்காதான் முதல் கையெழுத்து. நீங்களும் உங்க தீர்மான நோட்டுல எழுதினா, அடுத்த ஆண்டு விழாவுல நான் இந்தத் தலைப்புல பேச வேண்டிய அவசியம் இருக்காது.